தடித்த பிக்கும் தாய்மாமன் குரலும்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. காரணம், பெருவிரல் நகத்தின் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் டீவி ரிமோட்டுக்காகச் சண்டை நடந்ததில்லையா? அதுவும் பிளாஸ்டிக்தானே.

நான் கிட்டார் வாசிப்பேன் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பாடசாலையில் பிடித்தது, இன்னும் விடவில்லை. மேதை என்றெல்லாம் சொல்ல முடியாது. பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தப்பாமல் தந்திகளைத் தட்டிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். பாடுகிறவர் என் கணவர் செல்வம். கண்டியில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பிறந்தநாள், பிரியாவிடை என்று எதுவாக இருந்தாலும் அவர் பாடி முடித்த பிறகுதான் சாப்பாடு. மைக் இல்லாமலே கடைசி வரிசையில் தூங்குகிற பெரியப்பாவை எழுப்பிவிடும் குரல் அவருக்கு.

எழுப்பிவிட்ட குரல் என்று சொல்ல வேண்டும்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைரொய்ட். ஒபரேஷன் செய்தார்கள். ஆபத்தில்லாத கட்டி என்று ரிப்போர்ட் வந்தது, நாங்களும் மூச்சு விட்டோம். ஆனால் குரல் போய்விட்டது. குரலுக்குப் போகிற நரம்பு அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சில மாதங்கள் சிரமப்படலாம் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். சொல்லிக் கேட்பது வேறு, காலையில் எழுந்து “டீ குடு” என்று சொல்ல முடியாமல் கையை ஆட்டுகிற மனிதரைப் பார்ப்பது வேறு.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அந்த வாரங்களில் எல்லா வாக்குவாதத்திலும் நானே ஜெயித்தேன். நம்புங்கள், அதில் ருசியே இல்லை.

பயிற்சிக்குப் போனார். கண்ணாடி முன்னால் நின்று “ஆ... ஈ... ஊ...” என்று பச்சைக் குழந்தை மாதிரி சொல்லிப் பழகினார். குரல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வந்தது பழைய குரல் இல்லை. ஒரு படி கீழே இறங்கி, ஓரங்களில் உமி ஒட்டியது போலக் கரகரப்பாக, மெதுவாக வந்தது. “பேச இது போதும், பாட போதாது” என்று அவரே தீர்ப்பெழுதிவிட்டு, ஹார்மோனியத்துக்கு மேலே இஸ்திரி போடுகிற துணிகளை அடுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் தர்ஷினி வந்தாள், கல்யாணப் பத்திரிகையோடு. என் கணவருடைய அக்காவின் ஒரே மகள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“மாமா, ரிசெப்ஷன்ல நீங்க பாடணும்.”

“எனக்கு எங்க குரல் இருக்கும்மா? நல்ல பேண்ட் ஒண்ணு போடுங்க.”

“பேண்ட் போட்டாச்சு. அவங்க எனக்கு மாமாவா?”

தாய்மாமனுக்கு இதிலிருந்து தப்ப வழி ஏது? தலையை ஆட்டினார். ஆட்டிய விதத்தைப் பார்த்தால் பல்லுப் பிடுங்கச் சம்மதித்தவர் மாதிரி இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்குப் பயம் வந்த இடத்தில் எனக்கு உற்சாகம் வந்தது. என் வாசிப்பையாவது பிரமாதமாக்குவோம் என்று இன்டர்நெட்டில் தேடினேன். ஒரு தாடிக்காரர் அரை மணி நேரம் பிக்கைப் பற்றி, அதாவது தந்தியை மீட்ட விரலில் பிடிக்கிற அந்தத் துண்டைப் பற்றி மட்டும் பேசினார். கிட்டாரை மாற்றாதே, பிக்கை மாற்று என்றார். மெல்லிய பிக் தந்தியில் பட்டதும் வளைந்துவிடும், அதனால் சத்தம் மேலோடு நின்றுவிடும். தடித்த பிக் வளையாது. அதற்கு முன்னால் தந்திதான் வளைய வேண்டும். ஆகவே ஆழமான, உருண்டு திரண்ட டோன் வரும் என்றார்.

தந்திதான் வளைய வேண்டும். எவ்வளவு அருமையான ஏற்பாடு. உடனே தடித்தது ஒன்றை வரவழைத்தேன்.

கையில் பிடித்ததுமே ஓர் அதிகாரம் வந்தது. இத்தனை வருடம் நடுத்தரப் பிக்கில் வாசித்த எனக்கு, சைக்கிளில் இருந்து இறங்கி லொறி ஓட்டுகிற மாதிரி இருந்தது. கீழ்த் தந்தி ஒவ்வொன்றும் நெஞ்சுக்குள் போய்ப் பேசியது. அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது. ஒத்திகையில் அவர் பாட, நான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் பாட்டை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

“நீ வேற ஆளப் பாரு வாணி” என்றார். “என் குரல் எனக்கே கேக்கல.”

“கொஞ்சம் சத்தமாப் பாடுங்களேன்.”

வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

“சத்தம்தானே எங்கிட்ட இல்ல” என்றார்.

பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. சட்டி பானை பறக்கவில்லை. அதைவிட மோசம், இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை டவுனுக்குப் போனேன். இசைக்கருவிகள் விற்கிற கடை. முதலாளி வெள்ளைத் தொப்பி போட்ட கலகலப்பான முஸ்லிம் அண்ணன், எங்கள் ஊர் வழக்கில் ‘நானா’.

“வாங்க மிஸ், செல்லுங்க, என்ன வேணும்? மகனுக்கா?”

“எனக்குத்தான். பிக் வேணும்.”

“ஆ...” என்று ஒரு நொடி நின்றார். வியாபாரி அல்லவா, உடனே சமாளித்துவிட்டார். “இந்தா எங்கிட்ட இது ஈக்கி. தடிச்சது. பொடியன்மார் எல்லாம் இதத்தான் கேக்கிறாங்க.”

“அது வீட்ல இருக்கு நானா. அதால வீடே ரெண்டாகிப் போச்சு. சத்தம் குறையிறது எது?”

அவர் தன் வாழ்நாளில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை போலிருந்தது. “சத்தம் கொறயவா? எல்லாரும் கூட்டத்தானே வாறாங்க” என்று சொல்லிக்கொண்டே டப்பாவை அப்படியே என் முன்னால் கவிழ்த்தார். “நீங்களே பாத்து எடுங்க மிஸ். எனக்கு விக்க மட்டும்தான் தெரியும்.”

வகைக்கொன்றாக அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் பரிசோதனை தொடங்கியது. செல்வம் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நீதிபதியானார்.

உலோகப் பிக். “தகரக் கூரையில மழை.”

கம்பளித் துணியில் செய்த ஒன்று. “யாரு தலகாணிய அடிக்கிறது?”

ஐஸ்கிரீம் டப்பா மூடியைக் கத்தரித்து நானே ஒன்று செய்தேன். “கரப்பான் ஓடுது, பாரு.”

தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துத் தேய்த்து ஒன்று செய்தேன். அதற்கு மட்டும் பத்திரிகை கீழே இறங்கியது. “இது நல்லா இருக்கே” என்றார். சொன்ன கையோடு அது உடைந்து கிட்டாரின் வயிற்றுக்குள் விழுந்தது. கிட்டாரைக் கவிழ்த்துக் குலுக்கியும் பாதித்துண்டு வெளியே வரவில்லை. இப்போதும் உள்ளேதான் இருக்கிறது.

கடைசியாக இருந்தது மெல்லிய நைலோன் பிக். பிடித்தால் நனைந்த அப்பளம் மாதிரி இருந்தது. தந்தியில் வைத்தால் அதுவே விலகி வழிவிட்டது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எங்கே போயிற்று என் லொறி? நெஞ்சுக்குள் பேசிய அந்தக் கீழ்ச்சத்தமெல்லாம் காணாமல் போய், மேலே ‘சிலுசிலு’ என்று ஓர் ஓசை மட்டும் மிஞ்சியது. சலிப்போடு வாசித்துக்கொண்டே இருந்தேன். அப்போது இன்னொரு சத்தம் கேட்டது.

பத்திரிகைக்குப் பின்னால் அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தனக்கே தெரியாமல்.

அவருடைய புதுக்குரலை அன்றுதான் நான் சரியாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன். கிட்டாரின் கீழ்ச்சத்தம் எங்கே உட்காருமோ, அந்த இடத்துக்குத்தான் ஒபரேஷனுக்குப் பிறகு அவர் குரலும் குடிவந்திருந்தது. ஒரே கதிரையில் இரண்டு பேர் உட்கார முடியுமா? நான் எழுந்துகொண்டதும் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

நான் நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பாட்டு முழுதாக முடிந்தது. கரகரப்புத்தான். மேலே போகிற இடத்தில் பிசிறடித்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

“இன்னொரு தடவை பாடுவோமாங்க?”

“நாளைக்குப் பாப்போம்” என்று எழுந்து போனார். அவர் முகத்தை நான் கவனிக்கவில்லை. எனக்கோ புதையல் எடுத்த சந்தோஷம். அந்த அப்பளத்தைக் கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் சின்ன அறையில் பத்திரமாக வைத்தேன்.

கல்யாணம் பல்லேகல பக்கம் ஒரு ஹோலில். பகல் ரிசெப்ஷன். தென்னக்கும்புரப் பாலத்தைத் தாண்டுவதற்குள் என் மல்லிகைப்பூ வாடிவிட்டது, செல்வம் இரண்டு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டார். மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும். கீழே முந்நூறு பேரும் புரியாணியின் வாசனையும். அறிவிப்பாளர் “இப்போது மணமகளின் தாய்மாமன்...” என்று ஆரம்பித்துவிட்டார்.

நான் பெட்டியைத் திறந்தேன். சின்ன அறையில் அப்பளம் இல்லை. தடித்த பிக் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தது.

“என்னங்க, மத்த பிக் எங்க?”

செல்வம் மேடை அலங்காரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். “அது எதுக்கு? இதான் இருக்கே. இதுலயே வாசி.”

“ரெண்டு பேருக்கும் ஒரே மைக். இதுல வாசிச்சா உங்க குரல் கேக்காதே.”

“பரவால்ல. நல்லா சத்தமாவே வாசி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இத்தனை நாளும், குரல் கேட்கவில்லையே என்பதுதான் அவர் கவலை என்று நினைத்திருந்தேன். இல்லை. அன்று மெல்லிய பிக்கில் அவர் தன் குரலைக் கேட்டுவிட்டார். அந்தப் பிசிறையும் சேர்த்துக் கேட்டுவிட்டார். இந்த முந்நூறு பேரும் கேட்டுவிடுவார்களே என்பதுதான் இப்போதைய பயம். அதற்கு என் லொறி நல்ல மறைவு. இரைச்சலோடு வாசித்தால் வாயை மட்டும் அசைத்துவிட்டு இறங்கிவிடலாம்.

அதையும் செய்திருக்கலாம்தான். கட்டிய மனைவி கணவனை ஒளித்து வைக்க உதவுவதில் என்ன தப்பு? ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தேன். தடித்த பிக்கைக் கையிலும் எடுத்துவிட்டேன். அப்புறம் திரும்ப உள்ளே போட்டுப் பெட்டியை மூடினேன்.

“வாணி, வேணாம்” என்றார்.

“தர்ஷினி கிட்டார் கேக்கலங்க.”

வெறும் கட்டைவிரலால் தந்தியைத் தடவினேன். பிக்குக்கு விளிம்பு உண்டு. விரலுக்கு ஏது? கம்பளியைப் போர்த்தியது மாதிரி மெத்தென்ற ஒரு சத்தம்தான் வந்தது, அதுவும் எனக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்டிருக்கும். இனி ஒளிய இடமில்லை. அவர் பாடத்தான் வேண்டும்.

பாடினார். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் ஒவ்வொரு மேசையாகப் பேச்சுச் சத்தம் நின்றது. சரணத்தில் குரல் மேலே ஏற வேண்டிய இடம் வந்தது. ஏறினார். பாதி வழியில் குரல் அறுந்தது. காற்று மட்டும் வந்தது.

நான் அந்தச் சுற்றையே மறுபடி வாசித்தேன். அவர் வரவில்லை. இன்னொரு சுற்று வாசித்தேன். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு வேறு வேலையில்லை, சாயங்காலம் வரைக்கும் இப்படியே சுற்றிக்கொண்டிருப்பேன் என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும். அவர் மூச்செடுத்து, அதே வரியைக் கீழே இறக்கிப் பிடித்தார். சரியாக வந்து உட்கார்ந்தது.

தர்ஷினி கனத்த கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். போட்டோக்காரர் போய் உட்காரும்படி கையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனார். அவள் மாமாவோடு சேர்ந்து பாடவில்லை, அதற்குக் கடவுளுக்கு நன்றி. அவள் பாடினால் என்னவாகும் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். நான் தலையைக் குனிந்து தந்தியைப் பார்த்துக்கொண்டேன். தந்தி சரியாகத் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள். அத்தோடு முடிந்ததா? மைக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர், “இன்னொரு பழைய பாட்டு” என்றார். அதற்குப் பிறகு இன்னொன்று. பேண்டுக்காரப் பிள்ளைகள் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றே களைத்துவிட்டார்கள். கடைசியில் ஹோல் மனேஜர் வந்து, புரியாணி ஆறுகிறது என்று சைகை செய்ய வேண்டியதாயிற்று. ஒளிய இடம் தேடிய மனிதரைக் கீழே இறக்குவதுதான் பெரும்பாடாகப் போனது.

திரும்பி வரும்போது வான் வண்டியில் அவர் சட்டைப் பையிலிருந்து மெல்லிய பிக்கை எடுத்து என் மடியில் வைத்தார்.

“அது எப்படி அங்க போச்சு?”

“தெரியல. நடந்து போயிருக்கும்.”

என் கட்டைவிரல் தோல் உரிந்து எரிந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, பார்மசியில் பிளாஸ்டர் வாங்கிவந்து அவரே ஒட்டிவிட்டார்.

அடுத்த நாள் காலை மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் போன் எடுத்தார். என் கணவருடைய பாட்டைப் பத்து நிமிடம் புகழ்ந்தார். கேட்டவர்கள் எல்லாம் அதையே பேசுகிறார்களாம். வைக்கப் போகும்போது ஏதோ ஞாபகம் வந்தவராக, கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார்:

“ஆமா, நீங்க அவ்வளவு நேரமும் கிட்டார மடியில வச்சிக்கிட்டு சும்மாதானே உக்காந்திருந்தீங்க... ஏன், வாசிக்கத் தெரியாதா?”