ஒரு மணி நேரத்துக்கு ஒரு பெண்

எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்து வானொலி நிலையத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. ஒரு பெண் பாடிய இசைத்தட்டைப் போட்டால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு இன்னொரு பெண்குரல் வரக் கூடாது. வந்தால் ஜனங்கள் பெட்டியை அணைத்துவிடுவார்களாம். யார், எப்போது அணைத்தார்கள் என்று கேட்டால் மேலாளர் ஹோபார்ட்டுக்குச் சொல்லத் தெரியாது. அங்கே தொலைபேசி எடுத்தவள் நான்தான். அப்படியொரு புகார் என் காதுக்கு வந்ததே இல்லை.

அந்த ஒற்றை இடத்தில் டெல்ஃபியா ரஸ்க் உட்கார்ந்திருந்தாள். நன்றாகப் பாடுவாள், குறை சொல்ல மாட்டேன். ஓர்லா மே ஸ்டிடம் என்பவள் இடம் கிடைக்காமல் வெளியே நின்றாள். சுரங்கத் தொழிலாளியின் மகள். பதினாறு வயதில் இன்னொரு சுரங்கத் தொழிலாளிக்கு மனைவி. இப்போது நான்கு பிள்ளைகள். கணவனின் சட்டையில் படிந்த கரித்தூளைத் துவைத்தே கை வெடித்தவளைப் பற்றி அவளே ஒரு பாட்டுக் கட்டி, இசைத்தட்டாகவும் கொண்டு வந்துவிட்டாள். ஜூன் முடிவதற்குள் அது வானொலியில் வராவிட்டால் அடுத்த தட்டு கிடையாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆறு வாரம் எங்களிடம் நடையாய் நடந்தாள்.

ஜூன் முப்பது, வெள்ளிக்கிழமை. ஹோபார்ட் சாப்பிடப் போயிருந்தார். தட்டு போடும் வெண்டெல் மனமிரங்கி, டெல்ஃபியாவின் பாட்டு முடிந்த கையோடு ஓர்லா மேயின் தட்டை வைத்தான். வைத்தவன் பதற்றத்தில் வேகத்தை மாற்ற மறந்தான். டெல்ஃபியாவினுடையது மெதுவாகச் சுழலும் பெரிய தட்டு; இது வேகமாகச் சுழல வேண்டிய சின்னது. பாட்டு இழுத்துக்கொண்டு ஆண்குரலில் வந்தது.

காரில் அதைக் கேட்ட ஓர்லா மே கிட்டாரோடு உள்ளே பாய்ந்தாள். "வெண்டெல்! அது நானா, இல்ல சளி புடிச்ச கோவேறு கழுதையா?"

"தப்பு நடந்துபோச்சு தாயி, மன்னிச்சுக்க."

அதற்குள் ஹோபார்ட் வந்துவிட்டார். "நல்லதாப் போச்சு. ஆம்பளைன்னு நெனச்சிருப்பாங்க, யாரும் அணைச்சிருக்க மாட்டாங்க."

அவள் நேராக ஒலிவாங்கி முன்னால் போய் உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். வெண்டெல் ஒலிபரப்பு விசையைத் தட்டிவிட்டான். அவனுக்கு அவ்வளவு தைரியம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

பாட்டு முடியுமுன் தொலைபேசி அலறியது. எடுத்தேன், ஒரு பெண்.

"யாரும்மா அது? சட்டைய ஊறப் போட்டுட்டு அப்படியே நின்னுட்டேன். இன்னொரு தரம் பாடச் சொல்லு!"

அடுத்தவர் ஓர் ஆண். "எங்க வீட்டுல பீன்ஸ் அடிபிடிச்சிருச்சு. பொண்டாட்டி பெட்டிய விட்டு நகர மாட்டேங்கிறா. இன்னொரு வாட்டி போட்டு முடிச்சு விடுங்க, நான் சாப்பிடணும்."

ஹோபார்ட் தலையைச் சொறிந்தார். "சரி ஓர்லா மே. டெல்ஃபியாவ எடுத்துடறேன். இனி அந்த எடம் உனக்கு."

அவள் பிழைத்தாள் என்று நினைத்தேன். அவளோ கிட்டாரைக் கீழே வைத்தாள்.

"அவ எடம் எனக்கு வேணாம். அவளுக்கு அடுத்த எடத்தக் குடுங்க."

"ரெண்டு பொம்பளைங்க அடுத்தடுத்து வந்தா..."

"இப்பதான வந்தோம்? ஒருத்தராவது குறை சொன்னாங்களான்னு இவளக் கேளுங்க."

ஹோபார்ட் என்னைப் பார்த்தார். "ஒருத்தர்கூட இல்ல சார்" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

பின்னாளில் அவள் தன் பெயரிலேயே ஒரு இசைக்குழு வைத்தாள். எங்கள் மலையில் அதைச் செய்த முதல் பெண் அவள்தான். எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. அன்று மூன்று மணிக்கு வெண்டெல் டெல்ஃபியாவைப் போட்டான். அடுத்து, ஹோபார்ட் பக்கத்தில் நிற்கும்போதே, ஓர்லா மேயைப் போட்டான். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது; எடுத்த வரைக்கும் எல்லாரும் இன்னொரு தரம் போடச் சொல்லித்தான் கேட்டார்கள். அதற்கு மேல் எடுக்க முடியாமல் நான் அழுதுகொண்டிருந்தேன்.