பன்னிரண்டாவது ஃபுட்ரெஸ்ட்

அகத்தா அக்கா வீட்டில் இரண்டு சோற்றுப் பானைகள். ஒன்றில்தான் சோறு வேகும். மற்றதில் மோட்டார்சைக்கிள் சாமான்கள் வேகும்.

குருண் ஊர்த் தொழிற்சாலையில் காலை ஷிப்டு முடித்து வந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்துவிடுவார். வெயிலில் வெளுத்த அலுமினியச் சாமானைக் காஸ்டிக் சோடா கரைத்த நீலத் தொட்டியில் முக்கினால், பழைய அனடைஸ் நிறம் நுரைத்துக் கரைந்து, வெள்ளி மாதிரி வெறும் உலோகம் வெளியே வரும். அதைத் தேய்த்து, பேட்டரி ஆசிட்டில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்து, துணிச்சாயத்தில் ஊறவைத்து, கடைசியில் கொதிக்கும் நீரில் போட்டால் சாயம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். இதுதான் அனடைஸ்.

பக்கத்து வீட்டில் நான். கடல் கடந்து இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவன், வேலை பெர்மிட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியவன். சோடா நெடி வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, அதிகாரிகள் யாராவது விசாரித்தால் என்ன சொல்வது என்று யோசிப்பேன்.

இந்தக் கைவேலை தொடங்கியது தம்பி கேப்ரியலுக்காக. அவன் மனோகரனின் மோட்டார்சைக்கிள் சாமான் கடையில் கால் வைக்கும் தங்க நிற ஃபுட்ரெஸ்ட் வாங்கித் தன் மோட்டரில் மாட்டியிருந்தான். கட்டி அலுமினியத்தில் கடைந்தது, இரும்பு மாதிரி தாங்கும் என்று சொல்லித்தான் மனோகரன் விற்றான். நிறம் மங்கியதும், பிறந்தநாளுக்குப் புதுசாக்கித் தருகிறேன் என்று அக்கா அதைத் தொட்டியில் போட்டார். அவர் போட்ட முதல் சாமான் அது. எடுத்தபோது கரிக்கட்டையாக இருந்தது. நேரம் தவறிப்போய்த் தன் கைதான் கெடுத்துவிட்டது என்று நினைத்தார். ஞாயிறு பூசைக்குக்கூடப் போகாமல் தேய்த்தும் கறுப்பு விடவில்லை. தங்க நிற ஸ்ப்ரே அடித்து, வாயைத் திறக்காமல் தம்பி மோட்டரில் மாட்டிவிட்டார்.

நான்கு மாதம் கழித்து, பெண்டாங் சாலை வளைவில் அது முறிந்தது. கேப்ரியலின் முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. லோரி ஓட்டும் வேலையும் போயிற்று. ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த மனோகரன், முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சோடாவுல போட்டியாமா?"

"ஆமாண்ணே."

"கறுத்துச்சா?"

அக்கா தலையாட்டினார்.

"அப்பவே செத்துடுச்சி. எந்த அலுமினியமா இருந்தாலும் சோடா பட்டா கறுத்துச் செத்துடும் லா. தம்பி, ஒன் கால ஒடச்சது ஒங்கக்காதான்."

அன்றிலிருந்து கேப்ரியல் அக்காவோடு பேசவில்லை. ஒரே வீடு. தட்டு மேசைக்கு வரும், காலியாகும், அவ்வளவுதான். அக்கா கைவேலையை விடவில்லை. கெடுத்த கையைத் திருத்தியாக வேண்டும் என்பார். நேரம் குறித்துப் போட்டார். எதுவும் கறுக்கவில்லை.

மூன்று வருடம் இப்படியே போனது. போன வருடம் கோத்தா கோலா மூடா ஊர் மீன்காரர் பக்கிரிசாமி ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்ட் கொடுத்தார். இடது பக்கத்தது மோட்டரோடு வந்தது. வலது, மனோகரன் கடையில் வாங்கி மாற்றியது. ஒரே தொட்டி, ஒரே ஐந்து நிமிடம். இடது வெள்ளியாக வந்தது. வலதில் நிறம் கரையவே இல்லை. பாலாடை மாதிரி தோலாக உரிந்து மிதந்தது. அடியில் கரி.

அது அனடைஸ் இல்லை, பெயின்ட். கடைந்ததும் இல்லை, அச்சில் ஊற்றிய மட்ட வார்ப்பு. அந்த வகை வார்ப்பு சோடாவில் கறுக்கும், பாரம் தாங்காமல் பிஸ்கட் மாதிரி முறியும். அன்று கேப்ரியலுடையதை அதிக நேரம் ஊறவைத்ததில் சோடாவும் கொஞ்சம் தின்றிருக்கலாம். அக்கா அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இவன வுடக்கூடாது சார்" என்று மட்டும் மதில் மேலாக என்னிடம் சொன்னார்.

போலீசில் புகார் கொடுக்கலாமே என்றேன்.

"போலீசு எனக்கெதுக்கு? தெரிஞ்சேதான் வித்தேன்னு அவன் வாயால வரணும். கேப்ரியல் காதுல வுழணும்."

அதன் பிறகு, மனோகரன் கடைச் சாமான் என்றால் கூலி வேண்டாம் என்று சொல்லி வாங்கினார். பத்து மாதத்தில் பதினொரு ஃபுட்ரெஸ்ட் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் பாதி மட்டும் சோடாவில் முக்கி, மேல் பாதி தங்கம், கீழ்ப் பாதி கரியாக உடைமைக்காரரிடம் காட்டினார். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பதினொன்றையும் வீட்டுக் கேட்டில் வரிசையாகத் தொங்கவிட்டு, 'மனோகரன் கடை' என்று அட்டையில் எழுதிக் கட்டினார். பாசார் சந்தைக்குப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனோகரன் தன் மோட்டரில் வந்து இறங்கினான்.

"சார், நீங்க வெளியாளு. வந்து பாத்துக்கிட்டு நில்லுங்க" என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். பெர்மிட் ஞாபகம் வந்தது. ஆனாலும் போனேன்.

"என்னாமா அகத்தா, கல்யாண வீடு மாதிரி தோரணம்?" என்றான் மனோகரன்.

"மாப்பிள்ளை இன்னும் வரலையேன்னுதாண்ணே பாத்துக்கிட்டிருந்தேன்."

கேட்டருகே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கேப்ரியல் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தான். அவனைப் பார்த்ததும் மனோகரன் குரலை இறக்கினான்.

"சப்ளையர் என்னாத்த குடுத்தான்னு எனக்கு எப்படி லா தெரியும்? நானும் ஏமாந்தவன்தான். அதே சாமானத்தான் என் மோட்டர்லயும் போட்டு ஓட்டுறேன். தெரிஞ்சா அதுல கால் வெப்பனா?"

அது நியாயமாகப் பட்டதோ என்னவோ, கேப்ரியல் தலையை ஆட்டினான்.

"அதே சாமானா?" என்றார் அக்கா.

"அதே பெட்டி, அதே சாமான்."

"அப்பக் கழட்டுங்க. போட்டுப் பாப்போம்."

தயங்குவான் என்று நினைத்தேன். தயங்கவில்லை. விற்கத் தெரிந்தவனுக்குக் கழுவத் தெரியாது. சோடா பட்டால் எல்லாமே கறுக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவனே நம்பியிருந்தான். தன்னுடையதும் கறுத்துவிட்டால் தானும் ஏமாந்தவன் என்றாகிவிடும். ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கத்தை அவனே கழற்றினான், அவனே தொட்டியில் போட்டான்.

நுரைத்தது. தோல் உரியவில்லை. தங்க நிறம் புகை போலத் தண்ணீரில் கரைந்தது. அக்கா இடுக்கியால் தூக்கி, குழாயில் கழுவி, துணியால் ஒரு துடை துடைத்துத் தம்பி முகத்துக்கு நேரே பிடித்தார். வெயிலில் கண் கூசியது.

"கறுக்கல" என்றான் கேப்ரியல்.

பிறகு மனோகரன் பக்கம் திரும்பினான்.

"ஒனக்கு மட்டும் நல்லதா வெச்சிக்கிட்ட. எங்களுக்கு பிஸ்கட்டு."

"அப்படி இல்லடா தம்பி. இந்த நல்ல சாமான் விக்கிற வெலைக்கு நீங்கள்லாம் வாங்குவீங்களா? அதான் ஒங்களுக்கு ஏத்த மாதிரி..." மனோகரன் நிறுத்திக்கொண்டான். அதற்குள் சொல்லியாகிவிட்டது.

அக்கா ஃபுட்ரெஸ்ட்டை மறுபடி தொட்டிக்குள் விட்டார்.

"எடுமா. அதான் வெளுத்துருச்சில்ல. கரைஞ்சி போயிடும்" என்றான் மனோகரன்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சோடா யார் மேலாவது தெறித்தால் கழுவ, தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நான் பார்த்துவைத்தேன்.

"கேப்ரியல், நீயாவது சொல்லு லா."

"இருக்கட்டும்கா" என்றான் கேப்ரியல்.

திருகாணித் துளையின் புரிகள் மழுங்கத் தொடங்கி, இனி அதை மாட்ட முடியாது என்று தெரிந்ததும் மனோகரன் போய் மோட்டரைக் கிளப்பினான். வைக்க இடமில்லாமல் ஒரு கால் தொங்க, பெரிய சாலைவரை அப்படியே போனான். கேட்டருகே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கேப்ரியல் நாற்காலியை இழுத்துத் தொட்டியருகே போட்டுக்கொண்டான்.

"இன்னும் ரெண்டு கரண்டி சோடா போடுக்கா."

"போடறேன். நீ தள்ளி ஒக்காரு. மூஞ்சில தெறிக்கும்."