ஒரு சாண் மேலே

வடகவுஞ்சியில் பூண்டு போடுகிற வேங்கையனுக்கு இரண்டு பையன்கள். இளையவன் சின்னக்கருப்பன் மண்ணோடு கிடந்தான். மூத்தவன் மலைச்சாமி கொடைக்கானலுக்குப் போய், ஏரிக்கு மேலே இருந்த ஓட்டலில் விறகு பிளக்கச் சேர்ந்தான். அவன் கட்டினது சொந்த அத்தை மகள் வீரம்மாளை. அவளும் அதே ஓட்டலில் பாத்திரம் துலக்கினாள்.

சீசனுக்குச் சீசன் அங்கே பாண்டு வாசிப்பார்கள். ஐம்பத்தேழாம் வருஷம், பெரிய பிடில் வாசிக்கிறவன் குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டான். பெரிய பிடில் என்றால் ஆள் உயரம். நிறுத்தி வைத்துக் கட்டிப்பிடித்தபடி, ஆட்டுக்குடல் நரம்பைக் கையால் இழுத்து விட வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் வைக்கிற வேலை மலைச்சாமிக்கு. பாண்டுத் தலைவர் ஞானவேல், பழனிக்காரர், அவனைக் கூப்பிட்டார்.

"ஏலே, தெனமும் அதைத் தடவிக்கிட்டே நிக்கிறீல்ல. தாளத்துக்குச் சும்மா இழுத்து விடு, பாப்போம்."

இழுத்து விட்டான். கிணற்றுக்குள் பாறை விழுந்தாற்போல ஒரு சத்தம். சமையல்கட்டில் இருந்த வீரம்மாளுக்கு அது காதில் கேட்கவில்லை, அடிவயிற்றில் கேட்டது. அன்றிலிருந்து பிடில் அவனுடையதாயிற்று.

ஓட்டலுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். மனிதனுக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. ஊருக்குப் போனவன், "மண்ணு கிண்டுற சோலி எனக்கு வேண்டாம். எம் பங்கையும் நீயே வச்சுக்கடா" என்று தம்பியிடம் பத்துப் பேர் நடுவே சொன்னான். தம்பி பெண்சாதி பிச்சையம்மாள், வீரம்மாளுக்கு ஒன்றுவிட்ட அக்காள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கூத்தாடிக்குக் காடு எதுக்கு? வயிறு காஞ்சா வந்துதானே ஆகணும்."

அந்தச் சிரிப்பை வீரம்மாள் மறக்கவேயில்லை.

அறுபத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மழையில், பழுது பார்த்து லாரியில் ஏற்றி வந்த பிடில், பெருமாள்மலைத் திருப்பத்தில் கயிறு அறுந்து பள்ளத்தில் விழுந்தது. மேலே கொண்டுவந்தது அடுப்புக்கு ஆகிற சில்லுகளைத்தான். முதலாளி மதராசிலிருந்து அதற்குப் பதிலாக, அதே கனத்த சத்தம் தருகிற பேஸ் கிட்டார் ஒன்றும், சத்தத்தைப் பெருக்குகிற கரண்டுப் பெட்டி ஒன்றும் வரவழைத்தார்.

மலைச்சாமி அதைத் தோளில் மாட்டி இழுத்தான். தகர டப்பாவில் கூழாங்கல் உருண்டது. பெட்டி சரியில்லை என்றான், வேறு பெட்டி வந்தது. கம்பி சரியில்லை என்றான், கம்பியை மாற்றினார்கள். தகர டப்பா தகர டப்பாவாகவே இருந்தது.

தை கடைசியில் ஞானவேல் திண்டுக்கல்லிலிருந்து பொன்னுவேல் என்ற இளவட்டத்தைக் கூட்டி வந்தார். அதே கிட்டார், அதே பெட்டி, அதே கம்பி. அவன் கை வைத்ததும் தரை அதிர்ந்தது. கதவோரம் நின்றிருந்த வீரம்மாளுக்கு மறுபடியும் அடிவயிற்றில் கேட்டது. புருஷன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பொன்னுவேல் நல்ல மாதிரியாகத்தான் சொன்னான். "அண்ணே, நீங்க வால் பக்கமா இழுக்கிறீங்க. அங்கன கம்பி விறைச்சுக் கெடக்கும். கையை ஒரு சாண் மேல, கழுத்துப் பக்கம் கொண்டு போங்க. பெரிய பிடில்லயும் அங்கிட்டுத்தான இழுத்திருப்பீங்க?"

"நான் எங்கிட்டு இழுத்தேன்னு நீ பாத்தியாலே? எடத்தப் புடிக்க வந்தவன் வழி சொல்றானாம் வழி! பள்ளத்தத்தான் காட்டுவ."

ஞானவேல் குறுக்கே வந்தார். "வாய்ச் சண்டை எதுக்கு? சித்திரைக்குள்ள பழைய சத்தம் வந்தா நீ. வரலைன்னா அவன்தான். மொதலாளிகிட்ட ஒனக்காக இனிப் பேச எனக்கு வாயில்லப்பா."

இடம் போனால் அறை போகும். அறை போனால் பிச்சையம்மாள் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

மலைச்சாமி தன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்: "கோளாறு இதுலதான் இருக்கு, வீரம்மா. பூண்டு நடுறப்ப கல்லு மாதிரி இருந்த விரலு. ஓட்டல் சோத்துல வெண்ணெயாப் போச்சு."

விதைப்புக் காலத்தில் மலைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரிக்கிறவர்களுக்கு விரல் எரிந்து, தோல் உரிந்து, பிறகு தடித்துப்போகும். பூண்டு சுட்ட விரல் கல்லாகும் என்பது வடகவுஞ்சிப் பேச்சு. வருஷக் கணக்கில் நடக்கிறதைச் சித்திரைக்குள் நடத்த அவன் நினைத்தான்.

"பூண்டை நல்லா மை மாதிரி அரைச்சுக் குடு."

"மச்சான், கால் ஆணிக்கு வச்சுக் கட்டினாலே தோலு வழண்டு போகுமே."

"வழண்டாத்தான் தடிக்கும். வெரசா அரை."

அரைத்தாள். அவள் கையாலேயே துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். காலையில் அவிழ்த்தபோது வலது கை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கொப்புளித்து வெள்ளையாக வெந்திருந்தன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் ஒருதரம் என்றான். அதையும் கட்டினாள். பிறகு விரல் வீங்கியது, நாற்றம் எடுத்தது. ஞானவேல் பார்த்துவிடுவார் என்று கையைக் கம்பளிக்குள் மறைத்தான், அடுப்புச் சாம்பலை அப்பினான். காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். கை முழுதும் போகாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு விரலையும் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். அவ்வளவுதான்.

சீசன் முடிகிறவரைக்கும் அறையில் இருந்துகொள்ளட்டும், பெட்டி தூக்கட்டும் என்றார் முதலாளி. சித்திரை முழுக்க மலைச்சாமி இடது கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பொன்னுவேல் வாசித்தான். அவன் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

ஒரு நாள் முற்பகல், கூடத்தில் யாரும் இல்லை. வீரம்மாள் படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கிணற்றுக்குள் பாறை விழுந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"மச்சான்! வந்திருச்சு! அதேதான்!"

மலைச்சாமி கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றான். வலது கைக் கட்டைவிரல் கழுத்தோரமாக, ஒரு சாண் மேலே இருந்தது. மறுபடி இழுத்தான். வந்தது. அடுத்ததற்குக் கட்டைவிரல் திரும்பி வருவதற்குள் தாளம் தப்பிப் போயிற்று.

"புதுசா வரலடி. இங்கனயேதான் கெடந்துச்சு" என்றான்.

கிட்டாரைத் துடைத்து, பொன்னுவேல் எடுக்க வசதியாகச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

வைகாசி முடிந்து இரண்டு பேரும் வடகவுஞ்சிக்கு வந்தார்கள். விதைப்பூண்டு பிரிக்கிற சமயம். சின்னக்கருப்பன் சாக்கை விரித்துப் போட்டான். மலைச்சாமி உட்கார்ந்து, ஒரு பூண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிளக்கப் பார்த்தான். அது நழுவி உருண்டு பிச்சையம்மாள் காலடியில் போய் நின்றது. அவள் குனிந்து எடுத்து, தானே பிளந்து, பல்லை அவன் முன்னால் வைத்தாள். சிரிக்கவில்லை.

சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது வீரம்மாளுக்கு.