சதுரக் கூலி

கோம்பையில் அம்மாவாசி மேஸ்திரி கை படாத தெரு கிடையாது. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் வீடு கட்டிய மனுஷன் குடியிருந்தது மட்டும் வாடகை வீட்டில். ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு சின்ன வீடுகள், அதில் மூன்றாவது. அந்தக் காம்பவுண்டை பில்டர் நவாஸ் வாங்கிவிட்டார். மாசக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். ஆறையும் இடித்துவிட்டு இருபத்தைந்து சதுரத்தில் ஒரே பங்களா. அதற்கு லேபர் காண்ட்ராக்ட் யாருக்கு? அம்மாவாசிக்குத்தான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

மனைவி இருளம்மாள் அவரிடமே சித்தாள் வேலை பார்ப்பவள். அவள் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தம்பிகிட்ட கேளுங்க. பங்களாவுக்குப் பதிலா நாலு சின்ன வீடாக் கட்டட்டும். ஒண்ண நாமளே லோன் போட்டு வாங்கிக்கிருவோம். ஊரெல்லாம் தேடியாச்சு, நம்ம சம்பாத்தியத்துக்குத் தக்கன ஒரு வீடு இல்ல."

போய்க் கேட்டார். நவாஸ் கார் பானட்டில் பிளானை விரித்து வைத்திருந்தார்.

"மேஸ்திரி, நாலு வீடுன்னா நாலு அடுப்படி, நாலு பாத்ரூம், நாலு கரண்டு சர்வீஸ். வாங்குறவுக ஒவ்வொரு சுவிச்சுக்கும் பேரம் பேசுவாக. பங்களான்னா ஏலக்காய் வியாபாரி ஒருத்தர் வருவாக, பாப்பாக, அட்வான்ஸக் குடுத்துட்டுப் போயிருவாக."

"அப்ப நாங்கள்லாம் எங்கன போறது தம்பி?"

நவாஸ் பிளானைச் சுருட்டினார். "நீங்க மட்டும் சின்ன வேலைக்குப் போறீகளா? எங்க தெரு லத்திபாக்கா மூணு சதுரத்துல ஒரு வீடு கட்டித் தரச் சொல்லி வருஷம் பூரா ஒங்க பின்னால அலஞ்சாக. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு எத்தன வாரம் சொன்னீக?"

மேஸ்திரி திரும்பி நடந்தார். கூலி சதுரக் கணக்கு. ஒரு சதுரம் என்றால் நூறு சதுர அடி, அதற்கு இவ்வளவு என்று பேச்சு. பாத்ரூமுக்கும் அதே கூலி, வெறும் ஹாலுக்கும் அதே கூலி. பாத்ரூமில் குழாய், டைல்ஸ், தண்ணீர் வடிய வாட்டம் என்று உயிர் போய்விடும். ஹால் என்றால் நாலு சுவரை எழுப்பிவிட்டு நடையைக் கட்டலாம். மூணு சதுர வீட்டில் ஹாலுக்கு எங்கே போவது? அதனால்தான் லத்திபாவுக்கு டிமிக்கி கொடுத்தார். பாவம் அந்த அம்மாள் என்று அப்போது தோன்றவேயில்லை. இப்போது தோன்றி என்ன பிரயோஜனம்? காண்ட்ராக்ட்டை உதறினாலும் மறுநாளே வேறு மேஸ்திரி வந்து நிற்பான்.

பண்ணைப்புரத்தில் தகரம் போட்ட ஒற்றை அறை ஒன்று கிடைத்தது. அங்கிருந்து முதல் பஸ்ஸில் வந்து, குடியிருந்த வீட்டைத் தானே இடித்தார்.

தரையைச் சமமாக்கி, பிளான்படி அளந்து நூல் கட்டிய அன்று, இருளம்மாள் சுண்ணாம்புத் தூள் சட்டியோடு வந்து நின்றாள்.

"நம்ம வீடு எங்கன வருது?"

"ஹால்ல."

"பக்கத்து வீடு?"

"அதுவும் ஹால்தான்."

"இம்புட்டு எடத்துலயும் யாரு படுப்பாக?"

"யாரும் படுக்க மாட்டாக. வந்தவுக உக்காந்துட்டுப் போவாக. சும்மா கேள்வி கேக்காம வேலையப் பாரு," என்று எரிந்து விழுந்தார். கோபம் தன்மேல் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

அவள் குனிந்து, சுவர் வருகிற இடமெல்லாம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே போனாள். அவளுடைய அடுப்படி இருந்த இடத்தில் சுவர் எதுவும் வரவில்லை. கோடு போட வேலையில்லாமல் அதைத் தாண்டிப் போனாள்.