கேசரி எங்கே போனது

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். எங்கள் நாரணாபுரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நான் மாத்திரை வாங்க ஓடுவேன். சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறேன், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற வேலை, கண்ணில் படாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. ஆனால் இது பட்டப்பகலில், கையில் புளியோதரையோடு உட்கார்ந்து நானே பார்த்தது.

முதலில் என் மனைவி மாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு இடது காது கேட்காது. எங்கள் மகள் ஜோதி பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மாரி ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம் எப்போதும் ராசாத்திதான் உட்காருவாள். எம். புதுப்பட்டிக்காரி, கையும் ஓயாது, வாய் அதைவிட ஓயாது. ஒருநாள் அப்படித்தான், முந்தின நாள் தன் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுடைய நாத்தனாரைப் பெண் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், இவள் கேசரி கிண்டித் தட்டில் கொட்டி உள்ரூமில் ஆறவைத்திருக்கிறாள், எடுக்கப் போனால் தட்டைக் காணோம், அவள் வீட்டுக்காரர் தங்கராசு மட்டும் சுவரோடு ஒட்டி முழித்துக்கொண்டு நிற்கிறார். "அங்கன பாத்தா, மாரி..." என்றபோதுதான் பக்கத்து ரூம் வெடித்தது. சுவர் ராசாத்தி இருந்த பக்கம் விழுந்தது. மாரிக்கு ஒரு காதோடு போயிற்று, ராசாத்தி அங்கேயே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மாரி கம்பெனிக்குப் போகவில்லை, வீட்டிலேயே பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறாள். அழுது வடிகிறவள் இல்லை. அவளுக்குப் பிடிக்காத சேதியை, உதாரணத்துக்கு என் சித்தி வந்து பத்து நாள் தங்கப்போகிற சேதியை, நான் இடது பக்கமாக நின்று சொல்வேன், அவள் கேட்காத மாதிரியே இருந்துவிட்டு ஜோதியிடம் விசாரித்துப் பிறகு என்னை வாங்கு வாங்கென்று வாங்குவாள். ஆனால் எந்த விசேஷத்திலும் கேசரியில் மட்டும் கை வைக்க மாட்டாள். "ஏங்க, அந்தக் கேசரி எங்கதான் போயிருக்கும்?" என்று குழாய் சுற்றிக்கொண்டே கேட்பாள். தங்கராசுவிடம் கேட்கலாம்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் போய் அன்றைக்குக் கேசரி என்ன ஆனது என்று எந்த வாயால் கேட்பது? அப்படியே வருஷங்கள் போய்விட்டன. "கதைய முடிக்காமப் போயிட்டாளேன்னுதாங்க மனசு ஆறல" என்று ஒருநாள் அழுதாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இந்த மாசியில் ஜோதி செல்போனில் எதையோ பார்த்துவிட்டுத் தீவுக்குப் போயே ஆகவேண்டும் என்று நின்றாள். ஏர்வாடிப் பக்கம் போனால் படகில் கூட்டிப்போய் ஒரு பவளப்பாறைத் தீவில் இறக்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் கூட்டிவந்துவிடுவார்களாம். மூன்று பேரும் இருட்டோடு பஸ் ஏறினோம். படகின் அடியில் கண்ணாடி பதித்திருந்தார்கள். கீழே மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட மீன்கள் போக, மாரி என்னைப் பார்த்து, "கலர் எம்புட்டு சுத்தமா விழுந்திருக்கு பாருங்க, உங்க மிஷின்ல என்னைக்காச்சும் இப்படி வந்திருக்கா?" என்றாள். படகிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தீவில் கடை கிடையாது, டவர் கிடையாது, வெள்ளை மணலும் தாழம்புதரும் முழங்கால் அளவுக் கடலும்தான். நாங்கள் சிவகாசிப் பக்கம் என்றதும் படகுக்காரர், "தண்ணிக்குள்ள காத வச்சுக் கேளுங்கண்ணே, உங்க ஊருச் சத்தம் கேக்கும்" என்றார். வைத்துக் கேட்டேன். நிஜமாகவே எங்கேயோ தூரத்தில் சரவெடி போடுகிற மாதிரி படபடவென்று பொரிந்தது. பாறைக்குள் இருக்கிற ஒருவகை இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தமாம். ஜோதிக்கு ஒரே குதூகலம், எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். மாரிக்கும் ஆசை வந்தது. நல்ல காதில் தண்ணீர் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், "எனக்கெங்க கேக்கப்போகுது, குளுகுளுன்னாவது இருக்கட்டும்" என்று இடது காதைத் தண்ணீருக்குள் வைத்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். நான் கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாரி, "ம்" என்றாள். என்னைத்தான் கூப்பிடுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள். மறுபடி "ம்". அப்புறம், "பெறகு?" அப்போதுதான் புரிந்தது, அவள் கதைக்கு உம் கொட்டுகிறாள். பக்கத்தில் யாரும் இல்லை, ஜோதி அந்தப் பக்கம் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று மாரி சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, உப்புத்தண்ணீரைக் குடித்துப் புரையேறி எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வலிப்போ என்னவோ என்று பதறி ஓடினேன்.

"கேசரி எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சுங்க" என்றாள். "தங்கராசண்ணன் இருட்டுல தெரியாம தட்டு மேலயே உக்காந்திருச்சாம். வேட்டி பூராம் கேசரி, தட்டு முதுகுக்குப் பின்னாடி. மாத்துறதுக்கு வேற வேட்டி இல்ல, வெளிய ஆளுக உக்காந்திருக்காக. அவுக கூப்பிடவும் போயி, முதுகக் காட்டாமலே பேசி, முதுகக் காட்டாமலே பின்னாடி நடந்து உள்ள வந்துச்சாம். மாப்பிள்ளையோட அப்பா, இம்புட்டு மரியாதை தெரிஞ்ச குடும்பத்துல பொண்ணு எடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு அங்கனயே தாம்பூலத் தட்ட மாத்திட்டாராம்."

யார் சொன்னது என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்து, "ராசாத்திதான்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீரில் படுத்துவிட்டாள். படகுக்காரர் காற்று கிளம்புகிறது, ஏறுங்கள் என்று கூப்பிட்டார். மாரி, "செத்த இருங்க, செத்த இருங்க" என்று கையைக் காட்டினாள். நான் போய் அவள் கையைப் பிடித்து இழுத்து எழுப்பிக் கூட்டிவந்துவிட்டேன்.

படகில் அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்து, சித்தி வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபின் நான் விளக்கம் சொன்னேன், எனக்குச் சொல்லத் தெரியாதா. இத்தனை வருஷமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தாய், உன் மனசே ஒரு முடிவு கட்டிக்கொண்டது என்றேன். "அப்ப அண்ணங்கிட்டயே கேட்டுருவோம்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டிக்குப் போனோம். தங்கராசு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், மறு கல்யாணம் செய்யவில்லை, தனியாகத்தான் இருக்கிறார். "வாங்க மாப்ள, வா தங்கச்சி, சாப்பிட்டீகளா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாரி சுற்றி வளைக்காமல் கதையை அப்படியே சொன்னாள், தீவில் கேட்டதாகவும் சொன்னாள்.

அவர் நின்றவாக்கிலேயே கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். "இது அவளுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும் தங்கச்சி. அன்னைக்கு ராத்திரி அவளே வேட்டியத் தொவச்சா. மறுநா போயிட்டா. கட்டிக்குடுத்த என் தங்கச்சிக்கே தெரியாது. அவ மாமனாரு இன்னைக்கும் காரியாபட்டியில, முதுகக் காட்டாத மனுசன்னு என்னைப் பத்திப் பெருமை பேசிட்டிருக்காரு" என்றார். சொல்லிக்கொண்டே சிரித்தார், மாரியும் சிரித்தாள், அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருக்கும், எனக்கும் அடக்க முடியவில்லை. மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவர், "வேற ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார்.

மாரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னொண்ணு ஆரம்பிச்சாண்ணே. 'எங்க வீட்டுக்காரருகிட்ட நான் சொல்லாமலே வச்சிருந்தது ஒண்ணு இருக்கு மாரி'ன்னா ராசாத்தி. அதுக்குள்ள இவரு இழுத்துட்டாரு."

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் தங்கராசுவிடமிருந்து போன் வருகிறது. அந்தப் படகு நாளைக்குப் போகுமா மாப்ள என்கிறார். காற்று என்கிறேன், அவசர ஆர்டர் என்கிறேன், எதையாவது சொல்லித் தள்ளிப்போடுகிறேன். அந்தத் தண்ணீரில் அவர் படுத்து, ஒன்றும் கேட்காமல் எழுந்துவந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? கேட்டுவிட்டால் அதைவிடப் பயம்.

போன வாரம் நேரிலேயே வந்துவிட்டார். அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். மாரி காபி கொடுத்தபோது தாழ்ந்த குரலில், "நான் எந்தக் காதத் தங்கச்சி தண்ணியில வைக்கணும்?" என்று கேட்டார்.