வலிக்காமல் தேய்ந்த மூட்டு

எனக்கு முழங்கால் மூட்டு மாற்றிப் பல வருடங்கள் ஆகின்றன. சமீபமாக நடக்கும்போது உள்ளே 'டக்'கென்று சத்தம் வரும். வலி இல்லாததால் பொருட்படுத்தவில்லை.

பழவேற்காடு ஏரியில், இடுப்பளவுத் தண்ணீரில் நாத்தனாருடன் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கால் மடங்கிவிட்டது. சேற்றில் ஊன்றி எழப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏறியது. செத்தோம் என்றே நினைத்தேன்.

"இன்னா ஆச்சு அண்ணி?" என்று அலறிக்கொண்டே நாத்தனார் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள்.

"கால் எங்கடி? காலே இல்லாத மாதிரி இருக்குதே!" என்று கதறினேன்.

பரிசோதித்த டாக்டர், "மாத்தின மூட்டுல ரெண்டு உலோகத் துண்டுக்கும் நடுவுல வெச்ச பிளாஸ்டிக் தேஞ்சு உடைஞ்சிருக்கும்மா. அது தேயறது வலியா தெரியாது" என்றார். நல்லவேளை, எலும்பு தப்பியது. பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினார்கள்.

இப்போது வலி இல்லாவிட்டாலும் வருடந்தவறாமல் எக்ஸ்ரே எடுத்துவிடுகிறேன். ஏரியில் மட்டும் இறங்குவதில்லை. பயம் இன்னும் போகவில்லை.