மனப்பாடம் செய்த உண்மை

போன வாரம் ஒரு காலையில் என் வீட்டுக்காரரை உட்கார வைத்து விசாரித்தேன். சந்தேகமெல்லாம் இல்லை... பிராக்டிஸ்!

"நேத்து எந்திரிச்சதுலேருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"எந்திரிச்சேன். இட்லி தின்னேன். ஹார்பருக்கு வேலைக்குப் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... ஏளா, சாயங்காலம் லேட்டா வந்தத நேரா கேட்டுத் தொலைய வேண்டியதுதான!"

பார்த்தீர்களா? லேட்டா வந்தீர்களா என்று நான் கேட்கவே இல்லை. 'அப்புறம்?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும், உள்ளே இருப்பது தானாக வெளியே வந்துவிடும்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடி, கொடுமை என்று புகார் வந்தால், அந்தக் குழந்தையிடம் பேசி, அது சொன்னதைச் சொன்னபடியே எழுதி, குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுப்பது என் வேலை. அதைப் பார்த்துத்தான் பிள்ளை எங்கே இருக்கலாம் என்று குழு முடிவு செய்யும். பெயரையும் சில விவரங்களையும் மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு வர வேண்டியவள் பெயர் மீனா என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வயசு. அப்பா துபாயில். அம்மாவும் மகளும் மில்லர்புரத்தில் பெரியப்பா வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பெரியப்பா தொட்டதற்கெல்லாம் பெல்ட்டை உருவுகிறார் என்று அம்மா புகார் கொடுத்திருந்தார். காயம் ஆறிவிட்டது, தழும்பும் இல்லை. பெரியப்பாவோ கடைத்தெருவில் எல்லோரும் மதிக்கிற அண்ணாச்சி. ஆக, மீதி இருந்தது அந்தக் குழந்தையின் வார்த்தை ஒன்றுதான்.

விழுந்து விழுந்து தயாரானேன். ரூமில் இருந்த பெரிய மேஜையை வெளியே தள்ளிவிட்டுப் பாய் விரித்தேன். கிறீச்சிடுகிற ஃபேனுக்கு எண்ணெய் விட்டேன். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். பாப்பாவுக்கு எப்போது பசிக்கும், என்ன பிடிக்கும் என்று அம்மாவிடம் போனில் கேட்டு வைத்துக்கொண்டேன். 'பெரியப்பா அடிச்சாரா?' என்கிற மாதிரிக் கேள்வி தப்பித் தவறிக்கூட வாயில் வந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன்.

மீனா வந்தாள். பட்டுப் பாவாடை, முகம் நிறையப் பவுடர், ரெட்டைச் சடை. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போக மாட்டோம். "லீவுக்கு எங்க போன?" என்றேன்.

"திருச்செந்தூருக்கு. ஐயோ டீச்சர், என் ஒத்தச் செருப்ப அலை இழுத்துட்டுப் போயிட்டு! அம்மா ஏசுனாங்க. பொறவு இன்னொரு செருப்பையும் நானே கடலுக்குள்ள வீசிட்டேன்... அது மட்டும் தனியா கெடந்தா அதுக்குப் பயமா இருக்கும்லா?"

சிரித்துவிட்டேன். இப்படிப் பேசுகிற பிள்ளையிடம் நான் எதைக் கேட்க வேண்டும்? காது கொடுத்தால் போதுமே!

"சரி மீனா, இன்னைக்கு இங்க எதுக்கு வந்திருக்கன்னு சொல்லு."

அவ்வளவுதான். எழுந்து நின்றாள். பாவாடையைச் சரிசெய்தாள். கை கூப்பினாள்.

"அனைவருக்கும் வணக்கம். என் தந்தை அயல்நாட்டில் பணிபுரிகிறார். நாங்கள் பெரியப்பாவின் இல்லத்தில் வசித்து வருகிறோம். அவர் என்னை மிகவும் கொடுமைப்படுத்துகிறார். இடுப்புப் பட்டையால்..."

நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைகிறது. கண் மேலே எதையோ தேடுகிறது.

"மறந்துட்டு டீச்சர். மொதல்லேருந்து சொல்லட்டுமா?"

"செருப்புக் கதை சொன்னியே, அந்த மாதிரிச் சொல்லும்மா" என்று கெஞ்சாத குறை. அவள் மிரண்டுவிட்டாள். "மாத்திச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு அம்மா சொல்லிருக்காங்க" என்றாள். மறுபடியும் 'அனைவருக்கும் வணக்கம்'.

ஒன்றை மட்டும் கவனித்தேன். 'இடுப்புப் பட்டை' வருகிற இடத்தில், ஒவ்வொரு தடவையும், அவள் இடது கை பின்னால் போய் முதுகை மறைத்தது. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

வெளியே வந்து அம்மாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"குடும்பத்துல எல்லாரையும் கூட்டி வச்சு என்னயக் கேட்டாங்க மேடம். எனக்கு அழுகதான் வந்துச்சு, பேச்சு வரல. 'இவ ஒளறுதா'ன்னுட்டாங்க. புள்ளயாவது தடுமாறாமச் சொல்லட்டும்னு நாந்தான் சொல்லிக்குடுத்தேன்."

அவரை எப்படித் திட்டுவது? என் மேல்தான் ஆத்திரம் வந்தது. ஃபேனுக்கு எண்ணெய் விடத் தெரிந்தவளுக்கு, 'பிள்ளைக்கு எதுவும் சொல்லிக்கொடுக்காதீங்க' என்று போனில் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே!

ரிப்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். மனப்பாடமாகச் சொன்னாள், முதுகை மறைத்துக்கொண்டாள், அவளிடம் திரும்பவும் பேச வேண்டும் என்று. வேறு எப்படி எழுத முடியும்? மத்தியானம் குழு கூடியது. பெரியப்பா குரலே உயர்த்தவில்லை. "யாரோ சொல்லிக்குடுத்தத புள்ள சொல்லுது. பாவம், அது என்ன செய்யும்?" என்றார். கை முதுகுக்குப் போனதைச் சொன்னேன். கை பேசியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டார்கள்.

குழந்தைகள் காப்பகத்தில் மீனா கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்றதற்கு, மகளைப் பிரிந்து இருக்க முடியாது என்று அம்மா அழுதுவிட்டார். பெரியப்பாவை எச்சரித்தார்கள். மீனாவிடம் இன்னொரு நாள் பேசச் சொன்னார்கள். அதுவரை? அதே வீடுதான்.

நம்மையும்தான் கேட்கிறேன். தடுமாறினால் உளறல் என்கிறோம். தடுமாறாமல் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்தது என்கிறோம். ஒரு பிள்ளை எப்படித்தான் பேச வேண்டும் நமக்கு?

வாசலில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னேன். பாப்பா அழட்டும், திக்கட்டும், முன்னுக்குப் பின் சொல்லட்டும்... அவள் பேச்சாக இருந்தால் போதும், தயவுசெய்து இனி எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தானும் ஏறப் போனவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க கவலப்படாதீங்க மேடம். அடுத்த தடவ மறக்காமச் சொல்லுவா. நான் நல்லா சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வாரேன்."